அக்காவின் திட்டுக்கு நானே களஞ்சியம்

மார்ச் 3, செவ்வாய்
தொண்டையில் ஆபரேஷன் முடிந்து அக்கா வாய் மூடி இன்றோடு ஆறு நாள். ஒரு மாதம் மூச்! கிசுகிசுக்கக்கூடக் கூடாதாம். டேப்லெட்டில் அடிக்கிறாள், அது வாசிக்கிறது. அவள் பாதி வார்த்தை அடிப்பதற்குள் அம்மாவே, "டீயா? தலைவலியா? தூக்கமா?" என்று மூன்று பதிலும் சொல்லி முடித்துவிடுகிறாள்.

டேப்லெட்டில் ஒரு வசதி உண்டு. சின்னதாக ஒன்று அடித்தால், நாம் முன்பே எழுதி வைத்த பெரிய வரியாக விரியும். சும்மா இருப்பேனா நான்? அக்கா சாப்பிடும்போது "சரி" என்று அடித்தாள். டேப்லெட் கணீரென்று, "என் தங்கச்சி மகா அறிவாளி. அவள் சொன்னால் சரி."

தலையணை பறந்து வந்தது. திட்டு வரவில்லை. சப்பென்று போய்விட்டது.

மார்ச் 5
அக்கா வேலை பார்க்கும் பார்சல் கிடங்கின் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். ஆறு வாசல், இருபது ஆள், எல்லாம் அவள் கத்தலில்தான் ஓடும். "நீ பில் மேஜையில உட்காரும்மா. ஷிஃப்ட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடறேன்."

கொடுத்தால் திரும்பி வருமா? நாலு வருஷம் கத்திச் சம்பாதித்த பதவி!

அக்கா அடிக்க ஆரம்பித்தாள். இரண்டு சொல் முடிவதற்குள் அவர், "சரிம்மா, ஓய்வெடு" என்று எழுந்துவிட்டார். அவர் பை வாரைப் பிடித்துக்கொண்டு மீதியை அடித்தாள்: "திங்கள்லேர்ந்து மூணு நாள் கொடுங்க. இதை ஸ்பீக்கர்ல மாட்டி ஓட்டிக் காட்டறேன்."

பை கிழிந்துவிடும் என்று பயந்தோ என்னவோ, தலையாட்டினார்.

மார்ச் 7
நாற்பது வரி ஏற்றிவிட்டேன். "வா3" என்று அடித்தால், "தயவுசெய்து கவனிக்கவும். மூன்றாம் வாசலுக்கு வண்டி வந்துள்ளது. சரக்கை இறக்கவும்." என்ன கம்பீரம்!

மார்ச் 9, திங்கள்
ஊத்திக்கிச்சு.

அக்கா வந்து ஷூவோடயே படுத்துட்டா. ஒரே வரி அடிச்சா: "ஒருத்தனும் அசையலை." மூட்டை ஏத்துற அண்ணன், "ஏர்போர்ட் வந்துட்டோமா? என் பொட்டி எங்கப்பா?" என்றாராம். எல்லாரும் சிரிக்க, வண்டி நாற்பது நிமிஷம் தாமதம்.

என் தப்புதான். நாற்பது வரி, நாற்பது "தயவுசெய்து". அக்கா பிறந்ததிலிருந்து யாரிடமாவது தயவு செய்யச் சொல்லியிருக்கிறாளா? கட்டளைதானே!

அவள் எப்படித் திட்டுவாள்? அது என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? பதினைந்து வருஷத் திட்டும் என்னிடம்தானே குவிந்து கிடக்கிறது!

சாப்பாட்டுக்கு முன்பே நாற்பதையும் மாற்றிவிட்டேன். வா3: "மூணாம் வாசல்! வண்டி வந்து நிக்குது, உங்களுக்குப் பல்லக்கு அனுப்பணுமா?" சோதித்துப் பார்த்தபோது அப்பா பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். அடுப்படியிலிருந்து அம்மா: "நான் என்னடி பண்ணேன்?"

பாஸ்!

மார்ச் 10
ஓடுச்சு! மூட்டை அண்ணன், "அக்கா வந்துட்டாங்கடா!" என்று கத்தி, அவரே முதலில் ஓடினாராம்.

மார்ச் 11
கடைசி நாள். மேனேஜர் இரண்டாம் வாசலில் நடுவே நின்று பார்த்திருக்கிறார். டேப்லெட்: "வேடிக்கை பார்க்க டிக்கெட் வாங்கியாச்சா? வழி விடுங்க!" மனுஷர் துள்ளி நகர்ந்தாராம். பின்னால் மூட்டை வண்டி.

எல்லா வண்டியும் நேரத்துக்குக் கிளம்பின. அடுத்த மாத ஷிஃப்ட் பலகையிலும் அக்கா பெயர், மேனேஜர் கையெழுத்திலேயே. அவள் என்னைத் தூக்கிச் சுற்றினாள். நானும் கொஞ்சம் கனம்தான், பாவம்.

மார்ச் 14
இரண்டாம் ஷிஃப்ட் மேற்பார்வையாளருக்கும் நம்ம வரிகள் வேண்டுமாம். அவருக்குக் குரல் நன்றாகத்தான் இருக்கிறது. திட்டத்தான் வரவில்லை.

மார்ச் 27, வெள்ளி
டாக்டர் இன்று ஐந்து சொல்லுக்கு அனுமதி கொடுத்தார். ஐந்தே ஐந்து. அப்பா பதிவு செய்ய போனைத் தூக்கிக்கொண்டார். "முதல்ல அம்மான்னு சொல்லு" என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் காலையிலேயே என் பங்கு வேலையை முடித்திருந்தேன். அவளுடைய வெள்ளை ஷூ, என் கறுப்புப் பேனா.

அக்கா வாசல் பக்கம் பார்த்தாள். எழுந்தாள். துருப்பிடித்த கேட் திறக்கிற மாதிரி ஒரு குரல்:

"என் ஷூவில மீசை வரைஞ்சது யாருடி?"

ஐந்தும் எனக்கே.