தலைப்பிரசவத்துக்கு ஒரு வீடு

என் மகள் கங்காவுக்கு,

நேற்று மாப்பிள்ளை வந்திருந்தார். "இன்னா அத்தே, உங்க பொண்ணு கைக்கொழந்தைய இடுப்புல வச்சிக்கினு மாதாகோயில் விடுதிக்குப் போய், கல்யாணமாவாத புள்ளத்தாச்சிங்களுக்குக் கஞ்சி ஊத்திக்கினு கீது. மானம் போவுது. போவாதேன்னு எழுதுங்க" என்றார்.

"எழுதறேன் மாப்ளே, மொதல்ல சாப்புடு" என்றேன்.

எழுதுகிறேன். போவதை நிறுத்தாதே.

அந்த விடுதியில் இருக்கிற செல்லியைப் பிரசவத்துக்குக்கூடச் சேர்க்கமாட்டேன் என்று அவள் அம்மா கதவைச் சாத்தினாளாமே. உன் அப்பாவைக் கடல் கொண்டுபோன மாதம், உன்னை வயிற்றில் சுமந்து நான் பிறந்த வீட்டுக்குப் போனேன். "புருஷன முழுங்கினவ எங்க ஊட்ல பெத்துக்கக் கூடாது" என்று அண்ணி வாசலிலேயே நிறுத்தினாள். வலை போட்டு வைக்கும் கொட்டகையில், மழை ஒழுக ஒழுக, நீ பிறந்தாய். அந்த அண்ணி செத்தபோது ஊரே அழுதது. நான் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செல்லிக்கு மாதம் நெருங்கியதும் இங்கே கூட்டி வா. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்கவேண்டும். யார் வீடு என்று எவளாவது கேட்டால், என் வீடு என்று சொல். கட்டிலுக்குப் புதுக்கயிறு கட்டியாயிற்று. மருத்துவச்சியிடமும் சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கோபம் ஆறாத
உன் அம்மா