நாற்பது தொட்டிக்கு நூல் கட்டியவன்

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாகவே இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் வழக்குப் பேசுகிறது.

ஆய்வுக்கூடப் பொறுப்பு உன்னைத் தேடி வந்தும் வேண்டாம் என்று சொல்லப் போகிறாயாமே. எனக்குக் கவனம் பத்தாதும்மா, சின்னதிலேயே தெரிஞ்சதுதானே என்றாயாம் அம்மாவிடம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நான் வேலை பார்த்த, செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடமே ஞாபகம். பள்ளி விட்டதும் பையோடு அங்கே ஓடி வருவாய். ஈர மண் வாசனை, நாற்பது தொட்டி, ஒவ்வொன்றிலும் புல், பக்கத்திலேயே அதன் வேரில் தன் வேரைச் செருகி உறிஞ்சும் மஞ்சள் பூச்செடி. அதற்கு வீட்டோட மாப்பிள்ளை என்று நான் பேர் வைக்க, பேர் வைக்கிற ஆளைப் பாரு, எங்கப்பா வீட்டுல எட்டு வருஷம் உக்காந்திருந்தவரு என்றாள் அம்மா. புல்லின் இலையைக் கழித்தால் மாப்பிள்ளை இளைக்கிறாரா என்று பார்ப்பதுதான் அதிகாரியம்மாவின் ஆராய்ச்சி. பட்டியலைப் பார்த்துத் தொட்டிக்கு நூல் கட்டுவது என் வேலை, பச்சை நூல் என்றால் வெட்டு, சிவப்பு என்றால் விடு. அவர் நூலைப் பார்த்து வாராவாரம் கத்தரித்தார். கடைசியில் பார்த்தால், வெட்டாதது என்று பட்டியலில் இருந்த தொட்டிகளில் பாதிச் செடி நோஞ்சான், வெட்டியதாக இருந்ததில் பாதி கொழுகொழு. நூல் மாறியிருக்கிறது என்று தெரிந்ததும், என் கை தப்பாதுங்க, இவதான் அவுத்து விளையாடியிருப்பா என்று எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினேன். நான் தொடவே இல்லப்பா என்று அழுதாய். அதற்குப் பிறகு நீ அந்தப் பக்கம் வரவே இல்லை, நாலு மணியானால் நான்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

போன வாரம் ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கக் கண் சோதித்தார்கள். புள்ளிக்குள்ள என்ன எண் தெரியுது என்றார் டாக்டர். புள்ளிதாங்க தெரியுது என்றேன். எனக்குப் பிறவியிலிருந்தே சிவப்பும் பச்சையும் ஒன்றுதானாம். அன்று கொஞ்சம் கறுத்துத் தெரிந்த நூலையெல்லாம் சிவப்பு என்று கட்டியிருக்கிறேன், மகா கெட்டிக்காரன். கண் செய்தது என் குற்றமில்லை, வாய் செய்தது என் குற்றம்தான். நேற்று அதிகாரியம்மாவின் வீடு தேடிப் போய்ச் சொன்னேன். என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது, முதல்ல பொண்ணுகிட்ட சொல்லுங்க என்று அனுப்பிவிட்டார். பஸ்ஸிலேயே எழுத ஆரம்பித்தேன், மேலே எழுத்து குலுங்குவது அதனால்தான்.

அப்பாவை மன்னித்துவிடு தாயே. உன் கவனத்தில் அன்றும் குறையில்லை, இன்றும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரி என்று எழுதிக் கொடுத்துவிடு, மறக்காதே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பேச்சை நம்பியிருக்க வேண்டிய
அப்பா