ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு வண்டியைக் கொடுங்கள்

என்னங்க,

நான் ஆபீஸ் கிளம்பிவிட்டேன். நம் காரைப் புது ஊருக்கு ஏற்றிப்போக டிரான்ஸ்போர்ட் கம்பெனி லாரி காலையிலேயே வந்துவிடும். சாவி ஃபிரிட்ஜ் மேலே. வீட்டுச் சாவியைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் லாரியேறிப் போய்விடும்.

டிக்கியில் நீங்கள் திணித்த மிக்ஸியையும் தலையணைகளையும் இறக்கிவிட்டேன். "உள்ள இருக்கிற சாமானுக்கு நாங்க பொறுப்பில்லைம்மா" என்று கம்பெனி மேனேஜர் போனிலேயே சொல்லிவிட்டார். "சும்மா போற வண்டிதானே" என்று மறுபடி ஏற்றாதீர்கள். அந்தச் சண்டையைச் சாயந்திரம் வந்து தொடரலாம்.

சாப்பாடு ஹாட்பாக்ஸில்.

கொடுப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். வழியில் எங்காவது இடித்துவிட்டு, "இது முன்னாடியே இருந்துச்சுங்க" என்று கையை விரித்துவிடுவார்கள்.

முக்கியமாக, பின்கதவில் திடீரென்று முளைத்திருக்கும் 'குழந்தை உள்ளே' ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு எடுங்கள். நம் குழந்தைக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆனது. அதற்கடியில் இருக்கும் பள்ளம் எப்படி வந்தது என்று லாரிக்காரர் கேட்பார். என்னிடம் சொல்லாததை அவரிடமாவது சொல்லுங்கள்.

பி.கு: ஹேர் டிரையரைக் காட்டினால் ஸ்டிக்கர் சுலபமாக வரும். நானே இரண்டு தடவை உரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறேன்.