சுய விருப்பத்தில் விலகினார்

ஜூன் 3

மதிப்பிற்குரிய சிஸ்டருக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை, மன்னிக்கவும். புற்றுநோய் வலி ஆய்வில் சேர்ந்திருந்த என் மனைவியின் பதிவு நகல் ஒருவழியாக வந்து சேர்ந்தது. நான்கு விண்ணப்பம், இரண்டு மாதம்! ஒன்பதாம் வாரத்துக்கு எதிரே, 'சுய விருப்பத்தில் விலகினார்' என்றிருக்கிறது. அவள் எதையும் பாதியில் விடுகிறவள் அல்ல. என்னோடு முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் செய்தாளே, அது போதாதா சாட்சிக்கு? அச்சகத்தில் பிழை திருத்தியே காலம் தள்ளியவன் நான். உடனே திருத்தி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அவள் கணவன்

ஜூன் 11

அன்புள்ள ஐயா,

உங்கள் வீட்டு அம்மா போனபின் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க நினைத்திருந்தேன். உங்கள் கடிதம் இடம் கொடுக்கவில்லை.

திங்கள்தோறும் போன் செய்து, பத்துக்கு வலி எவ்வளவு என்று கேட்பேன். அம்மா சொல்லும் எண்ணைப் பார்த்து டாக்டர் அன்றே மருந்தைக் கூட்டுவார். ஆய்வே அதுதான். ஒன்பதாம் வாரம் போனை எடுத்தது நீங்கள். "அவளுக்கு இஷ்டமில்லம்மா, இனிமே கூப்பிடாதீங்க" என்றீர்கள். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிக்கிறேனே" என்றேன். வைத்துவிட்டீர்கள். பிறகு இரண்டு முறை கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை. இப்போது சொல்லுங்கள், பிழை யாருடையது?

ஆய்வு நர்ஸ்

ஜூன் 15

சிஸ்டர்,

என்னைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிறீர்கள். உங்கள் தலைமை டாக்டருக்கே எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 28

சிஸ்டர்,

டாக்டருக்கு எழுதவில்லை. நான்கு தாள் கிழித்ததுதான் மிச்சம்.

"வலிக்குதா?" என்று நான் கேட்டால் "பரவாயில்லைங்க" என்பாள். உங்களிடம் "எட்டு" என்பாள். "இன்னைக்கு ஒன்பதும்மா" என்பாள். பக்கத்து அறையிலிருந்து எல்லாம் என் காதில் விழும். கூடவே கிடக்கிற எனக்குச் சொல்லாததை யாரோ ஒரு பெண்ணிடம் சொல்கிறாளே என்று ஆத்திரம். கேட்கவும் தாங்கவில்லை. போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

"அந்தப் பொண்ணு ஏங்க கூப்பிடவே இல்ல?" என்று கேட்டாள். "ஆய்வு முடிஞ்சிடுச்சு" என்றேன். அதன்பின் ஐந்து வாரம் இருந்தாள். மருந்தைக் கூட்ட ஆளில்லை.

விலகியது அவள் அல்ல. நான் விலக்கினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 20

அன்புள்ள ஐயா,

எழுதிவிட்டேன். 'குடும்பத்தினர் அழைப்பை நிறுத்தினர்.'

உங்கள் கடிதத்துக்குப் பிறகு, 'சுய விருப்பம்' என்று நான் குறித்திருந்த மற்ற பதினைந்து வீடுகளுக்கும் போன் போட்டேன். எட்டு வீட்டில் இதே கதை. "முடியப்போற நேரத்துல இதையெல்லாம் கிளறணுமா?" என்று டாக்டர் அலுத்துக்கொண்டார். அறிக்கை ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. ஆனாலும் அதில் ஒரு வரி சேர்த்துவிட்டார்: நோயாளியோடு பேசுவதற்கு முன், வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசவேண்டும். நான் அதைச் செய்யவில்லை. அது என் பிழை.

அந்த ஐந்து வாரத்தை நினைத்தால் உங்கள்மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை. அம்மா சார்பில் மன்னிக்க நான் யார்? ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. அந்த எட்டுப் பேரும் நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்கள். தானாக எழுதியவர் நீங்கள் ஒருவர்தான்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், ஐயா.

ஆய்வு நர்ஸ்