வண்டியில் போட்ட கையெழுத்து

காரின் பின்பெட்டியைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. வெயிலில் வெந்த ரப்பர் வாடை. குடையையும் சந்தைக்குக் கொண்டுபோகும் பாசார் பையையும் ஒதுக்கிப் பார்த்தேன். அடியில் உன் ரப்பர் சுத்தியல் கிடந்தது. பிடியில் நீ சுற்றியிருந்த நீல டேப் ஓரத்தில் பிரிந்து, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. மீன் வாங்கக் கிளம்பியவள் மீனை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன். இத்தனை மாதமாக அது என்னோடு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடப் பொய். நினைக்காமல் இருந்தேன்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான் பாதி, ஆனாலும் முதலிலிருந்து வரிசையாக எழுதினால்தான் எனக்கு வருகிறது. முப்பது வருஷம் நில அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவள் அல்லவா, பழக்கம் விடவில்லை.

நகர மன்றத்தின் பூங்கா, பொதுப் பாதுகாப்புக் குழுவுக்கு நாம் இருவரும் ஒரே நாளில்தான் வந்தோம். நீ ஜுருவில் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருபத்தைந்து வருஷம் நின்றுவிட்டு வந்தவள். எந்தப் பூங்காவுக்கு எவ்வளவு செலவு, எந்தத் தெருவுக்கு விளக்கு, எங்கே கேமரா, எந்த மரத்தை யார் பார்த்துக்கொள்வது, செய்ததாகச் சொன்ன வேலை நிஜமாகவே நடந்ததா, இவைதான் நம் வேலை. குழுவில் குறைந்தது இரண்டு பேர் 'நேரில் பார்த்தோம், திருப்தி' என்று வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம் போகும். முதல் நாள் அந்தத் தாளைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த எங்கள் குடும்பத்தில் கையெழுத்து என்றால் அவ்வளவு மரியாதை.

அப்புறம் வழக்கம் தெரிந்தது. வேன் பூங்காவை நெருங்கும்போதே தாள் கைமாறும். ஒவ்வொருவராக முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இறங்குவோம். இறங்கிய பிறகு படம் எடுக்க வேண்டும், போன் வரும், அடுத்த பூங்காவுக்கு நேரமாகிவிடும், கடைசியில் எல்லாருக்கும் பசி வந்துவிடும். யார் ஆரம்பித்து வைத்தார்களோ, யாருக்கும் அது தவறாகவே படவில்லை. எனக்கும்தான். பார்ப்பதற்கு முன்பே பார்த்ததாக எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம் நிழல் தேடி நிற்போம்.

நீ மட்டும் போட மாட்டாய். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, இந்தச் சுத்தியலோடு இறங்குவாய். ஊஞ்சல் கம்பம், சறுக்கு மரம், வேலி, ஒவ்வொரு மரமும். தட்டுவாய், காதை வைப்பாய், சுற்றி வந்து மறுபடி தட்டுவாய். முடிந்ததும் ஒரு சிலுவை போட்டுக்கொள்வாய். ஏன் சிலுவையை முதலில் போடுவதில்லை என்று கேட்டேன். "மொதல்ல நம்ம வேல, அப்புறம்தான் அவரு வேல" என்றாய். பிறகு தாளைக் கடைசி மரத்து மேலேயே வைத்துக் கையெழுத்துப் போடுவாய். பட்டையின் மேடும் பள்ளமும் எழுத்தில் ஏறி, ஒவ்வொன்றும் ஒரு கோணலாக இருக்கும்.

"இது கையெழுத்தா, கோழி கெளறுனதா?" என்று கிண்டல் செய்வேன்.

"மரமும் சேந்து போட்டிருக்கு லா" என்பாய்.

உன்னைத் தைரியசாலி என்றே நினைத்திருந்தேன். ஒப்பந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், வேனில் இருப்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள், நீ நிதானமாகத் தட்டிக்கொண்டிருப்பாய். ஒரு நாள் கேட்டேவிட்டேன், உனக்குப் பயமே கெடையாதா என்று. நீ சிரித்தாய். "பயந்துதான் லா தட்டுறேன். பயமில்லாதவ எதுக்குத் தட்டப் போறா? வீட்டுக்குப் போய்ப் படுத்துருவா." நான் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

இனி அந்த நாள். டத்தோ கிராமாட் பக்கத்துச் சின்னப் பூங்கா. நடுவில் ஊஞ்சல்கள், அவற்றின் மேல் குடை பிடித்தது போல ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். முதல் நாள் உனக்கு டயாலிசிஸ். கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. வீட்டில் இரு என்று சொன்னால் கேட்கிற ஆளா நீ, வந்துவிட்டாய். வேன் நின்றதும் எழப் பார்த்தாய், முடியவில்லை.

"நீ ஒக்காரு. நான் பாத்துட்டு வரேன்" என்றேன்.

ஜன்னல் வழியாகச் சுத்தியலை நீட்டினாய். "ஊஞ்சல் பக்கமாத் தட்டு. வேர்கிட்ட. சுத்தி வந்து தட்டு, ஒரு பக்கம் மட்டும் தட்டிட்டு வந்துராத."

வாங்கிக்கொண்டு போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒப்பந்தக்காரர் இளநீர் வெட்டி வைத்திருந்தார். மரத்திலிருந்து இருபது அடி தள்ளி நிழலில் நின்று குடித்தேன். அண்ணாந்து பார்த்தேன், பச்சைப்பசேல் என்றிருந்தது. ஊரெல்லாம் பார்க்க ஒரு பெரிய மரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்ட எனக்கு வெட்கமாகவும் இருந்தது. சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

"எப்படி?" என்றாய்.

"எல்லாம் ஓக்கே" என்றேன்.

"தட்டுனியா?"

"தட்டுனேன்."

நீ என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளை வாங்கி, முழங்காலில் வைத்துப் போட்டாய். நான் ஏற்கெனவே போட்டிருந்தேன்.

ஆறு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோதும் நீ அதைத்தான் கேட்டாய். "என் சுத்தியல் எங்க?" என்னிடம் இருக்கிறது என்றேன். "வச்சுக்க. தட்டுற இல்ல?" தட்டுறேன் என்றேன். போகிற நேரத்தில் எதற்கு உன் மனசைக் கெடுக்க வேண்டும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மை என்னவென்றால், உன் கண்ணுக்கு முன்னால் பொய்க்காரியாக நிற்க எனக்குப் பயமாக இருந்தது.

நீ போன பிறகு குழுவுக்கு என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். போன வாரம் அடுத்த ஆண்டுச் செலவு பற்றிக் கூட்டம். மரங்களைப் பரிசோதிக்க வைத்திருக்கும் தொகையைக் கேமராக்களுக்கு மாற்றலாம் என்று ஒரு யோசனை. காரணம் எளிது. வருகைத் தாள்களின்படி எல்லா மரமும் நன்றாக இருக்கின்றன. கூட்டத்துக்குத் தயார் செய்ய, சுத்தியல் கிடைத்த அன்று மத்தியானம் பழைய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் கையெழுத்துகள் ஒவ்வொன்றும் கோணல்மாணல். டத்தோ கிராமாட் தாள் மட்டும் வழவழவென்று, நேர்க்கோட்டில், அச்சடித்தது போல. பக்கத்தில் என்னுடையது, அதே நேர்த்தியில்.

அந்த மரத்தை யாருமே தொடவில்லை. நம் இருவர் கையெழுத்தும் இருக்கிறது, ஒரு கைகூட அதன் மேல் படவில்லை. சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றேன், ஒன்றும் வேண்டத் தோன்றவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போய்ச் சேரும்போது மணி ஐந்து இருக்கும். மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ஊஞ்சல் இரண்டிலும் பிள்ளைகள். அவர்களுடைய அம்மா பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேருக்கு மேலே குனிந்து தட்டினேன். டொக். கெட்டியான சத்தம். உயிர் வந்தது. சுற்றி வந்து தட்டு என்று நீ சொன்னது ஞாபகம் வந்து ஊஞ்சல் பக்கம் போனேன்.

தொம்.

காலி அரிசி டின்னைத் தட்டியது போல இருந்தது. கொஞ்சம் தள்ளித் தட்டினேன், அதே சத்தம். இன்னும் தள்ளி, அதே. அப்போது காற்று வந்தது. மழைக்கு முன்னால் வருமே, அந்தக் காற்று. மேலே கிளைகள் அசைய, என் உள்ளங்கைக்கடியில் பட்டை நெரிவது போல இருந்தது. உண்மையா, என் பயமா, இப்போதும் சொல்ல முடியாது. ஊஞ்சலில் இருந்த சின்னவள் என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

"எறக்குங்கம்மா, பிள்ளைங்கள எறக்குங்க!" என்று கத்தினேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அந்தப் பெண் பதறி எழுந்தாள். "என்னக்கா, என்ன ஆச்சு? பாம்பா?"

"மரம் சரியில்ல. தூரமா வாங்க. ஒங்க காடில ஏறி ஒக்காந்துருங்க."

"நல்லாத்தானே இருக்கு? இவ்ளோ பச்சையா இருக்கே லா" என்று அவள் அண்ணாந்து பார்த்தாள். அன்று நான் எனக்கே சொல்லிக்கொண்ட அதே காரணம். ஆனாலும் என் முகத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும், பிள்ளைகளை இரண்டு கையிலும் இழுத்துக்கொண்டு ஓடினாள். அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஆட்கள் தடுப்பு நாடா கட்ட வரும்வரை கொட்டுகிற மழையில், தெருவோரம், யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு காற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாளே மரம் தெரிந்த ஒருவரை வெளியிலிருந்து வரவழைத்தார்கள். ஊஞ்சல் பக்கம் வேர்ப்பகுதி உள்ளே உளுத்திருந்தது. துளையைப் பெரிதாக்கியதும் என் கை முழங்கை வரை உள்ளே போனது. அதற்கு அடுத்த இரண்டு நாளில் மரத்தை வெட்டினார்கள்.

கூட்டத்துக்கு முன்னால், தேநீர் வைத்திருந்த இடத்தில் மணியம் அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். உனக்குத்தான் தெரியுமே, கெட்ட மனிதர் இல்லை, நம் குழுவிலேயே மூத்தவர், யாருக்கும் சங்கடம் வரக் கூடாது அவருக்கு.

"தாளப் பத்திக் கேப்பாங்கம்மா" என்றார். "அந்தம்மா அப்ப சீக்கா இருந்தாங்க, முடியாம பாக்காமப் போட்டுட்டாங்கன்னு சொல்லிருவோம். நீங்க அவங்கள நம்பிப் போட்டீங்க. போனவங்கள யாரும் ஒன்னும் கேக்கப் போறதில்ல. நீங்க எதுக்கு மாட்டிக்கணும்?"

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஒரு நிமிஷம் அது எனக்கு இனித்தது. மார்பில் இருந்த கல் இறங்கியது போல இருந்தது. எத்தனை சுலபம் பார், என் தவறின் பழி உன் தலையில் போய் உட்கார, நீ எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. 'தட்டுனியா' என்று நீ கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாயே, அந்தப் பார்வை அப்போது வந்தது. கோபமாக இல்லை. அசதியாக, நம்பிக்கொண்டு.

கூட்டத்தில் என் முறை வந்தது. எழுதி வைத்ததைப் படிக்க முடியவில்லை. மலாயில் நாலு வாக்கியம்தான் சொன்னேன். அவர் என்னை நம்பிப் போட்டார். நான் தட்டினேன் என்று சொன்னேன். நான் தட்டவில்லை. வேனிலேயே கையெழுத்துப் போடுகிறோம், நாம் எல்லோரும். மணியம் அண்ணன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரப் பரிசோதனைக்கான தொகையில் யாரும் கை வைக்கவில்லை. என்னிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்துவிட்டேன். நாற்காலி இருக்குமா போகுமா தெரியாது. போனால் வீட்டில் என்ன சொல்வது, அக்கம்பக்கம் என்ன பேசும் என்று யோசித்துத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன். முடிவு தெரியும்வரை வேலையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்றுக் காலை வருகை. பூங்கா நெருங்கியதும் மணியம் அண்ணன் வழக்கம் போலத் தாளை எடுத்தார். எடுத்தவர் என்ன நினைத்தாரோ, கையெழுத்துப் போடாமல் என்னிடமே நீட்டினார். மடித்துப் பைக்குள் வைத்தேன். அங்கே பதினொரு மரங்கள். ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றித் தட்டினேன். வேனிலிருந்து யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஏழாவது மரத்தில் காற்று அடித்தபோது ஓடிவிடலாமா என்றிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஓடுகிற மாதிரி ஒரு எட்டு எடுத்துவைத்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன். இப்போது எங்கே காற்று அடித்தாலும், வீட்டில் ஜன்னல் படபடத்தாலும், என் கை சுத்தியலைத் தேடுகிறது. அது கைப்பையிலேயே இருக்கிறது. பை முழுக்க ரப்பர் வாடை.

கடைசி மரத்தில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். வேனில் ஏறியதும் மணியம் அண்ணன் வாங்கிப் பார்த்தார்.

"என்னம்மா இவ்ளோ கோணலா இருக்கு?"

"மரத்துல வச்சுப் போட்டேன்ணே" என்றேன்.

அது பாதிதான். நடுநடுங்கிக்கொண்டிருந்த கையை மடியில் ஒளித்துக்கொண்டேன். உன் கையெழுத்துகளை எல்லாம் மரத்தின் கோணல் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். உன் கையும் இப்படித்தான் நடுங்கியதா என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லையே.