வழுக்கி விழுந்தால் அங்கே உடையாது

அன்புள்ள சிட்டுவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை, உன் கையின் எக்ஸ்ரே என்னிடம் இருக்கிறது. மாவுக்கட்டை எப்போது பிரிக்கலாம் என்று போனில் படம் அனுப்பினாயே, பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றாயே, உன் அம்மா இருபத்தாறு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறவள் என்பது மறந்துபோச்சா? நான் பட்டன் அமுக்குகிறவள்தான், படிப்பது டாக்டர் என்று நானே சொல்லிச் சொல்லி உன்னை நம்ப வைத்துவிட்டேன். கேள். எக்ஸ்ரே கதிர் சதைக்குள் சுலபமாகப் புகுந்து போய்விடும், படத்தில் அந்த இடம் கறுப்பாக விழும். எலும்பு கதிரைத் தடுக்கும், அதனால் வெள்ளை. முறிந்த இடத்தில் வெள்ளைக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் அந்தக் கோடு ஒளிந்துகொள்ளும் என்றுதான் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுக்கிறோம். வழுக்கி விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள், பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம்தான் உடையும். உனக்கு முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நட்டநடுவில் உடைந்திருக்கிறது. தலைக்கு வந்த அடியைக் கையால் தடுத்தவர்களுக்குத்தான் அங்கே உடைந்து பார்த்திருக்கிறேன். அதற்குச் சற்று மேலே எலும்பு தடித்திருக்கிறது, ஆறிப்போன பழைய முறிவு. அது எந்தப் பாத்ரூம்?

நேற்று இதே மாதிரிக் கையோடு ஒருத்தி வந்தாள். நான் அவளைக் கேட்டால் புருஷன் பதில் சொல்கிறான். படம் எடுக்கும்போது வேறு யாரும் உள்ளே நிற்கக்கூடாது, கதிர் பட்டால் பிள்ளை பிறக்காது என்று மிரட்டினேன், வெளியே ஓடிவிட்டான். கதவைச் சாத்தியதும், "இரும்புக் கம்பியால அடிச்சார் அக்கா" என்றாள். கதவுக்கு வெளியே நின்ற அவன் காதில் விழுந்துவிட்டது. கதவை உதைத்துக்கொண்டு வந்து அவள் முடியைப் பிடித்துத் தலையை மேஜையில் மோதினான், மோதினான், தடுக்கப் போன என்னைச் சுவரில் அறைந்தான். காவலாளி வந்து இழுப்பதற்குள் தரையெல்லாம் ரத்தம். அவள் பிழைத்துக்கொண்டாள், அவனைப் போலீஸ் கொண்டுபோனது. எனக்கு உதட்டில் நாலு தையல். அவள் தலை மோதிய ஒவ்வொரு தடவையும் உன் முகம்தான் தெரிந்தது கண்ணு.

உன் புருஷனை மாப்பிள்ளை என்று எழுத இனி எனக்குக் கை வராது. உன் போனை அவனும் பார்ப்பான் என்றுதான் ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன். பதினேழாம் தேதி காலை வருகிறேன், உன்னைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவேன். அப்பா வரவில்லை, வந்தால் கொலை விழும். அதுவரை அவன் கை ஓங்கினால் வாதாடாதே, பக்கத்து வீட்டுக்கு ஓடு, மானம் போனால் போகட்டும். சர்டிபிகேட்டுகளையும் இரண்டு எக்ஸ்ரே படங்களையும் ஆபீஸில் பூட்டி வை, மறந்துவிடாதே. நீ நூறு வயசு முழு உடம்போடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை ஒரு அடி கூட அடிக்காமல் வளர்த்த
அம்மா