மேல்விலங்கும் துணைக்காலும்

டீச்சர்,

உங்கள் வடகத்தின் கடைசி உருண்டையைச் சனிக்கிழமை காலையில் தாளித்துவிட்டேன். காலியான பாட்டில் என் எதிரே மேசைமேல் இருக்கிறது. கழுவிக் கவிழ்க்க மனம் வரவில்லை. மூடியைத் திறந்தால் போதும், வெங்காயமும் பூண்டும் வெந்தயமும் காய்ந்த அந்த மணம் கூடம் வரை போகிறது. சனிக்கிழமை அது எண்ணெயில் பொரிந்தபோது, வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே வந்து, "டீச்சர் வந்திருக்காங்களா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது.

நாம் இரண்டு பேருமே டீச்சர்தான். நான் தமிழ், நீங்கள் விலங்கியல். இருபத்திரண்டு வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூமில் எதிரெதிர் நாற்காலி. ஒருவர் வீட்டு அடுப்படியில் இன்னொருவர் நுழைந்து சட்டியைத் திறந்து பார்க்கிற அளவுக்குப் பழகியும், கடைசி வரை டீச்சர் என்றே கூப்பிட்டுக்கொண்டோம். என் வாய் ஊரறிந்தது. அந்த வாய்க்குப் பயப்படாத ஒரே ஆள் நீங்கள்தான்.

உங்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாயாக இருந்தவர். அதனால் பிறந்ததும் வளர்ந்ததும் இந்த ஊரே ஆனாலும் உங்கள் கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட். நம் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு உங்களால் ஓட்டுப் போட முடியாது. பாரிஸில் யார் ஜனாதிபதி என்று தீர்மானிக்கப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பீர்கள். "இருக்கற ஊருல ஓட்டு இல்ல, போகாத ஊருக்கு ஓட்டு" என்று நான் கிண்டல் செய்வேன். ஒரு தேர்தலில் மட்டும் உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. "வெளியிலேருந்து வந்தவங்களை விரட்டணும்னு சொல்றவன் ரெண்டாவது சுற்று வரைக்கும் வந்துட்டான். எனக்கு இருக்கறது ஒரே ஓட்டு. அதை வீட்டுல வச்சி ஊறுகாயா போடறது?" என்றீர்கள். நம் ஊர் அரசியலையும் நீங்கள் விட்டதில்லை. தெருச் சாக்கடைக்கு மனு எழுதியது ஓட்டில்லாத நீங்கள்தான். ஓட்டுள்ள நாங்கள் கீழே கையெழுத்துப் போட்டோம்.

அந்த நாளும் நினைவிருக்கிறது. பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தோம். "எங்க அண்ணன் பையன் பாரிஸ்ல பாக்ஸ் போட்டுக்கிட்டான் டீச்சர்" என்றீர்கள். அவன் வீடு மாற்றுகிறான், சாமானைப் பெட்டியில் கட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டு, "கண்ணாடிச் சாமானுக்கெல்லாம் பேப்பர் சுத்தச் சொல்லுங்க" என்றேன். மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தீர்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினீர்கள். பாக்ஸ் என்பது அந்த நாட்டில் ஒரு சட்டமாம். கல்யாணம் செய்துகொள்ளாமலே இரண்டு பேர் கோர்ட்டுக்குப் போய், சேர்ந்து வாழ்கிறோம் என்று கையெழுத்துப் போடலாம். ஆணும் ஆணும் ஆனாலும் சரி. உங்கள் அண்ணன் பையன் போட்டது இன்னொரு பையனோடு.

"ஐயோ பாவம் உங்க அண்ணன்" என்றேன்.

"அவருக்கென்ன பாவம்? கூடப் போயிட்டு வந்து விருந்து சாப்பிட்டிருக்காரு."

நான் உச்சுக் கொட்டினேன். ஊரான் வீட்டுப் பிள்ளை என்றால் உச்சுக் கொட்டுவது சுலபம்தானே.

என் வீட்டுக்கு அது வந்தது மூன்று வருஷம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சென்னையில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகன் சரவணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் ஏதோ ஒரு பெண்ணின் ஜாதகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே குழம்பு ஊற்றினேன். "ராஜா என் ரூம்மேட் இல்லம்மா" என்றான். "நாங்க ஒண்ணா வாழறோம். எனக்குப் பொண்ணு பாக்காத." கையில் கரண்டியோடு நான் சொன்னது இதுதான்: "இது இயற்கைக்கே விரோதம்டா. இப்படித்தான் இருப்பேன்னா இந்த வீட்டுல உனக்குச் சோறு கிடையாது." பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். வீம்பில் அவன் என் பிள்ளை. அதன் பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருதரம் வருவான். அப்பாவின் பிரஷர் மாத்திரையைப் பற்றி விசாரிப்பான். "சாப்பிடுடா" என்றால், "தண்ணி போதும்மா" என்பான். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவான்.

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன மறுநாளே உங்களிடம் ஓடி வந்தேன். வைத்திக்குப்பத்தில் வாங்கிய கொடுவா மீன் உங்கள் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. "முதல்ல சாப்பிடுங்க டீச்சர், அழறதுக்கும் தெம்பு வேணும்" என்று தட்டைப் போட்டீர்கள். நான் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்த பிறகு, என் தட்டிலிருந்த துண்டைக் காட்டினீர்கள்.

"இயற்கைக்கு விரோதம்னீங்களே, இந்தக் கொடுவா இருக்கே, சின்னதா இருக்கறப்ப ஆணு. சில வருஷம் போனா பொண்ணா மாறிடும். எந்தப் போலீசும் புடிக்கலை."

"அப்ப எம்புள்ள மீனா?" என்று சீறினேன்.

"இல்ல. அதைத்தான் நானும் சொல்றேன். இயற்கை இயற்கைன்னு பேசினா கடைசியில மீனுகிட்டதான் போய் நிக்கணும். இதே கொடுவாதான் தன் இனத்துச் சின்ன மீனைப் புடிச்சு முழுங்கும். அதையும் நாம கத்துக்கலாமா? என்ன இருக்குன்னுதான் சயின்ஸ் சொல்லும். என்ன செய்யணும்னு நாமதான் யோசிக்கணும். புள்ள பாதிச் சோத்துல எழுந்து போயிருக்கான். அதைப் பேசுங்க."

உங்களைத் தவிர வேறு யாராவது இருந்தால், மீனோடு நிறுத்தி என்னை மடக்கிவிட்டதாகச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். உங்களுக்குச் சாதகமான வாதத்தையே, அது சரியில்லை என்று நீங்களே உடைத்துப் போட்டீர்கள். அந்த நேர்மையை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை. அன்று அதை ஒப்புக்கொள்ளவில்லை. முள் எடுப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த பொங்கலுக்குச் சரவணன் வந்தான், தண்ணீர் குடித்தான், போனான். லீவு முடிந்ததும் ஸ்டாஃப் ரூமில் நீங்களே சொன்னீர்கள். "சரவணன் எங்க வீட்டுலதான் சாப்பிட்டான். ராஜாவும் வந்திருந்தான். ஒளிச்சு வைக்கறது எனக்குப் புடிக்காது, அதான் சொல்றேன்."

"எம்புள்ளைக்குச் சோறு போட நீங்க யாரு?"

"நீங்க போடலை. அதனால நான் போட்டேன்."

இரண்டு மாதம் உங்களோடு பேசவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் பேப்பர் திருத்தினோம். அந்த இரண்டு மாதத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை என்பதை இப்போது சொல்கிறேன். பொறாமை டீச்சர், வேறொன்றும் இல்லை. என் பிள்ளை உங்கள் வீட்டில் இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதை நினைத்து நினைத்துப் புழுங்கினேன்.

பிறகு ஒருநாள் என் மேசைமேல் ஒரு பொட்டலத்தை வைத்தீர்கள். "பாக்ஸ் வாங்கியிருக்கேன். கண்ணாடிச் சாமான் இல்ல, இருந்தாலும் பேப்பர் சுத்தியிருக்கேன்" என்றீர்கள். எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பெரிய மார்க்கெட் பக்கத்துப் பாத்திரக் கடையில் வாங்கிப் பெயரும் வெட்டச் சொன்னீர்களாம். "கல்யாணச் சீருன்னு நினைச்சிட்டாரு பேர் வெட்டறவரு. சரவணன்னு வெட்டினாரு. அடுத்தது ராஜான்னேன். பொண்ணு பேராத்தான் இருக்கும்னு அவரா ராஜின்னு வெட்டிட்டாரு. நான் விடுவேனா? மாத்த வச்சிட்டுத்தான் வந்தேன்." நான் சிரிக்கவில்லை. நீங்கள் குரலைத் தணித்துக்கொண்டீர்கள். "நம்ம ஊருல அவங்களுக்குக் கோர்ட்டு பாக்ஸ் கிடையாது. இதாவது இருக்கட்டும். ஆனா வெறும் பாத்திரமா குடுக்கக் கூடாது. உங்களுக்கு எப்ப மனசு வருதோ, அப்ப நிரப்பிக் குடுங்க."

பிரித்துக்கூடப் பார்க்காமல், பரண்மேல் இருந்த அண்டாவுக்குள் போட்டு வைத்தேன். அன்றிலிருந்து பழையபடி பேசிக்கொண்டோம். பாக்ஸைப் பற்றி நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. என் வீட்டுக்கு வரும்போது ஒருதரம் பரணை நிமிர்ந்து பார்ப்பீர்கள், அவ்வளவுதான்.

பிப்ரவரியில், பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை. சரவணனும் ராஜாவும் முதல் பஸ் பிடித்து வந்தார்கள். பெட்டியைத் தூக்கியவர்களில் என் பிள்ளையும் ஒருவன். ராஜா கல்லறைச் சுவரோரமாக நின்று குலுங்கி அழுதான். அந்தப் பையனை அன்றுதான் நேரில் பார்த்தேன். அடக்கம் முடிந்து சரவணன் மட்டும் வீட்டுக்கு வந்தான். தண்ணீர் குடித்தான். அவனை வழியனுப்பப் போய்த் திரும்பிய என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ரெண்டு பேரும் பன்னு வாங்கித் தின்னாங்க."

இந்த ஊரில் என் பிள்ளைக்குச் சாப்பிட ஒரு வீடு இருந்தது. அன்று காலை அந்த வீட்டைத்தான் புதைத்துவிட்டு வந்திருந்தோம். எனக்கு அப்போதே உறைத்தது டீச்சர். உறைத்தும் ஐந்து மாதம் சும்மா இருந்தேன். அவன் வருவதையும் நிறுத்திவிட்டான். போன் மட்டும்தான்.

போன வெள்ளிக்கிழமை பேப்பரில் செய்தி. வயது வந்த இரண்டு பேர் மனம் ஒப்பிச் சேர்ந்திருப்பது குற்றமாகாது என்று தில்லி கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பழைய சட்டத்தின் வாசகத்தையும் போட்டிருந்தார்கள். இயற்கைக்கு மாறானது என்று எழுதியிருந்ததாம். என் சொந்த வார்த்தை என்று நினைத்து என் பிள்ளைமேல் நான் வீசியது எவனோ எழுதி வைத்துப் போன வார்த்தை. அதுவும் நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரன்கூட இல்லை, பக்கத்து ஊரை ஆண்ட இங்கிலீஷ்காரன். நீங்கள் இருந்திருந்தால் இனிப்பு வாங்கியிருப்பீர்கள். "இன்னும் மேல கோர்ட் இருக்கு, ரொம்ப ஆடாதீங்க" என்றும் சொல்லியிருப்பீர்கள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பெத்த புள்ளைக்குச் சோறு போடக் கோர்ட் ஆர்டர் வேணுமா டீச்சர்?" என்று கேட்டிருப்பீர்கள். நீங்கள் கேட்காத அந்தக் கேள்விதான் என்னை ஏணியில் ஏற்றியது.

பரண் அண்டாவிலிருந்த பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பிரித்தேன். புள்ளி புள்ளியாய் இரண்டு பெயர்கள். ராஜி என்று வெட்டியதில், 'ஜி'யின் தலைமேல் வளைந்த மேல்விலங்கைத் தட்டித் தட்டி மழுக்கிவிட்டு, 'ஜா' ஆக்கப் பக்கத்தில் ஒரு துணைக்கால் சேர்த்திருக்கிறார் அந்த மனுஷன். தலைக்கு மேல் தழும்பு லேசாகத் தெரிகிறது. முப்பது வருஷம் கரும்பலகையில் இந்தக் குறிகளின் பெயரை எழுதிப்போட்டவள் நான். விலங்கை எடுத்துவிட்டுத் துணையைச் சேர்க்க விலங்கியல் டீச்சர் வர வேண்டியிருந்தது. பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

சனிக்கிழமை கொடுவா வாங்கி, உங்கள் வடகத்தைத் தாளித்துக் குழம்பு வைத்தேன். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி, புளியும் காரமும் துண்டுக்குள் இறங்க நேரம் கொடுக்க வேண்டும் என்பீர்களே, அதனால் ஞாயிற்றுக்கிழமை காலைவரை வைத்திருந்தேன். பாக்ஸில் எடுத்து வைக்கும்போது என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். யாருக்கு என்று நான் சொல்லவே இல்லை. "ரெண்டு ஆம்பளைங்களுக்கு அது பத்தாது. இன்னும் ரெண்டு துண்டு வை" என்றார்.

காலாப்பட்டு வழியாகப் போகும் சென்னை பஸ்ஸில், வழி முழுக்க பாக்ஸ் என் மடியில்தான் இருந்தது. சொல்லாமல் போய் நின்றேன். கதவைத் திறந்தது ராஜா. "அம்மா" என்று ஒதுங்கி வழிவிட்டான். சரவணன் வந்து பார்த்தான். உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷமாக எங்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல் அது ஒன்றுதான். குடித்து முடித்தேன்.

"தண்ணி போதாதுடா. பசிக்குது. மூணு தட்டு எடுத்து வை" என்றேன்.

ராஜா பாக்ஸைக் கையில் வாங்கிப் பெயர்களைப் படித்தான். கட்டைவிரலால் தன் பெயரைத் தடவிக்கொண்டே நின்றான். சரவணன் மூடியைத் திறந்தான். "டீச்சர் வடகம்" என்றான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் முதல் கவளத்தை வாயில் வைத்தபோது, "அன்னிக்கு நான் சொன்னது தப்புடா" என்றேன். மென்று முழுங்கிவிட்டு, "மீன் நல்லா இருக்கும்மா" என்றான். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.

கிளம்பும்போது ராஜா பாக்ஸைக் கழுவி, தக்காளி சாதம் நிரப்பிக் கையில் கொடுத்தான்.

"இது உங்களுதுப்பா. பேரைப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேம்மா. வெறும் பாத்திரமா குடுக்கக் கூடாதில்ல. அடுத்த தடவ நீங்க நிரப்பிக் கொண்டாங்க."

வீட்டுக்காரர் அந்தச் சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். "உப்பு கம்மி. நான் வந்து சொல்லித் தரேன்னு சொல்லு" என்றார். வாழ்நாளில் அடுப்புப் பற்றவைக்காத மனுஷன்.

பாக்ஸ் இப்போது அடுப்பு மேடையில் கவிழ்த்திருக்கிறது. இந்தப் பாட்டில்தான் பாக்கி. இது உங்கள் வீட்டுப் பாத்திரம், வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது. வரும் சித்திரையில் வெயில் ஏறியதும் வடகம் போட்டு இதை நிரப்புவேன். உங்கள் கை அளவு எனக்கு வராது, இருந்தாலும் போடுவேன். உங்கள் வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறது டீச்சர். அதனால் பாட்டிலைச் சென்னைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.